கையில் தெரியாத தரை

புதுத் தரையில் கால் வைத்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "யார் போட்டது?" அதற்கு முன்னால் அங்கே கிடந்த பழைய தரையை எடுத்தது யார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. யாரும் கேட்காவிட்டாலும் அக்கா சொல்லிவிடுவாள். "அடியில இருந்த பழைய டைல்ஸைப் பேர்த்தது என் தம்பி. தளத்துல ஒரு கீறல் இருக்காது, வேணும்னா போட்டவங்களையே கேட்டுப் பாரு."

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவள் தையல் வேலை செய்தாள். கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஒட்டுப்போடுவது, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் தைப்பது, திரைச்சீலைக்கு வளையம் கோப்பது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான்கு துளைப் பொத்தானை அவள் தைத்தால் நூல் ஒரே பக்கமாகத்தான் ஓடும். யாராவது அவசரத்தில் குறுக்கே தைத்து வைத்திருந்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தம்பியாவது படிக்கட்டும் என்று பார்த்தாள். அவனும் அவள் நின்ற வகுப்புக்கு மேல் இரண்டு வகுப்பு தாண்டியதும் நின்றுகொண்டான்.

முதலில் அவன் தரை வேலைக்காரர்களுக்கு இடிபாடு சுமந்தான். மூட்டை மூட்டையாக உடைந்த டைல்ஸ். பிறகு நீளக் கம்பு வைத்த சுரண்டியைக் கொடுத்து, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டச் சொன்னார்கள். மண்டி போட்டுச் சுரண்டிச் சுரண்டி முழங்கால் காய்த்துப்போனது. அக்கா பழைய போர்வையை மடித்து முழங்காலுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாள். அதன்பின் மின்சாரச் சுரண்டி வந்தது. இடுப்புயரக் கைப்பிடி, அடியில் மோட்டார், நுனியில் பிளேடு. சுவிட்சைப் போட்டால் பிளேடு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முன்னும் பின்னும் குத்தும். டைல்ஸுக்கும் தளத்துக்கும் நடுவில் நுனியைச் சரியாக நுழைத்துவிட்டால் போதும், பழைய தரை அப்பளம்போல எழும்பி வரும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு வேலை தெரியாது, வேண்டவும் இல்லை.

பிளேடுகளை அவன் வைத்திருக்கும் அழகை அக்கா எல்லாரிடமும் சொல்வாள். வினைல் என்கிற பிளாஸ்டிக் விரிப்புக்கும் பசைக்கும் அகலமானது, மெல்லியது. கல் டைல்ஸுக்குக் குறுகலானது, தடித்தது. ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில் சுருட்டி, துணியின் நிறத்தை வைத்தே உள்ளே இருப்பது எது என்று தெரியும்படி இருக்கும். அந்தத் துணிகளும் அவள் வெட்டிக் கொடுத்தவைதான். கான்கிரீட் தளம் என்றால் பிளேடின் சரிந்த முகம் மேலே பார்க்க வேண்டும், பலகைத் தளம் என்றால் கீழே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் கூர்முனை பலகைக்குள் இறங்கிவிடும். இதையெல்லாம் அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மெஷினைப் பிடித்து அவன் வேலை செய்வதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்த மெஷினைப் பிடிக்கப் பலம் வேணும்னு நினைக்கிறாங்கக்கா," என்பான் அவன். "பலம் எதுக்கு? அதுவே கையில வந்து சொல்லும். டைல்ஸ் முடிஞ்சுதா, பசை வந்துதா, கீழ கல்லா மரமா, எல்லாம் சொல்லும். நாம கேட்டுக்கிட்டாப் போதும்."

சலவைக்கூடத்தின் வினைல் தரை உப்பி, ஓரங்கள் சுருண்டு, துணிவண்டியின் சக்கரம் சிக்கத் தொடங்கியபோது தரையை மாற்ற முடிவு செய்தார்கள். அக்கா மேற்பார்வையாளரம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். தனக்காக அவள் யார் வாசலிலும் நின்றதில்லை. "என் தம்பியைக் கூப்பிட்டுப் பாருங்கம்மா. பிடிக்கலைன்னா அனுப்பிடுங்க."

தம்பி வந்தான். ஒரு துண்டைப் பெயர்த்து, பழைய பசையில் நுரையீரலைக் கெடுக்கும் நார் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பி, இல்லை என்று பதில் வந்த பிறகுதான் நாள் குறித்தான். மூலையில் இரண்டு இடம் தோண்டிப் பார்த்தான், கான்கிரீட். கூடத்தின் நடுவில் துணி உலர்த்தும் பெரிய இயந்திரங்கள் நின்றதால் அங்கே பார்க்க முடியவில்லை. "முழுக்க ஒரே தளம்தானேம்மா?" என்று கேட்டான். மேற்பார்வையாளரம்மா வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. "அப்படித்தான் இருக்கணும்," என்றார்.

வேலை தொடங்கிய காலையில் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். தம்பியோடு அவன் கூட்டாளியும் வந்திருந்தான். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான், அதனால் யானை என்று பெயர். மெஷினில் இருவருக்கும் பாதிப் பாதி.

இஸ்திரி போடுகிறவள் யானையை மேலும் கீழும் பார்த்தாள். "இவரையே ரெண்டு தரம் குதிக்கச் சொல்லுங்களேன், தரை தானா பேர்ந்துடும். கரண்டு மிச்சம்."

"குதிக்கலாம்," என்றான் யானை. "அப்புறம் கீழ் மாடியில இருக்கிற நோயாளியை நீங்கதான் போய்ப் பார்த்துக்கணும்."

"கீழ சவக்கிடங்குய்யா."

"அப்ப யாரும் புகார் சொல்லமாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிளேடை மாட்டிக்கொண்டிருந்தான். நான்கு போல்ட், நான்கு வாஷர். தரையில் வைத்திருந்த வாஷரை எடுக்கப் போனான், விரல் அதன் மேல் பட்டது, வாஷர் வரவில்லை. மறுபடி எடுத்தான், நழுவியது. சட்டைப் பையிலிருந்து காந்தம் ஒட்டிய ஒரு குச்சியை எடுத்து அதை ஒட்டித் தூக்கினான். போல்ட்டை முடுக்கும்போது யானை யதார்த்தமாகக் குனிந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். நெடுநாள் பழக்கம்போல இருந்தது.

ஊசியோடு பிழைக்கிறவளுக்கு விரல் தப்புவது தெரியாமல் போகுமா?

மெஷின் ஓடத் தொடங்கியதும் சத்தம் கூடத்தை நிறைத்தது. யானை காதுமூடியை மாட்டிக்கொண்டான். தம்பியின் காதுமூடி கழுத்தில் கிடந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிறவன்போல அவன் நடந்தான். வினைல் நீள நீளமாகச் சுருண்டு எழுந்தது. தளத்தில் ஒரு கீறல் இல்லை. பெண்கள் வாசலில் நின்று வாயைப் பிளந்தார்கள். "சொன்ன மாதிரியேதான்க்கா உங்க தம்பி," என்றாள் இஸ்திரி போடுகிறவள். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அக்கா இத்தனை வருஷம் காத்திருந்தாள். கேட்டபோது அவள் கண் தம்பியின் விரல்களிலேயே இருந்தது.

சாப்பாட்டு வேளையில் தம்பியைத் தையல் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கண்ணை மூடு."

"என்னக்கா, சின்னப்பிள்ளை விளையாட்டு?"

"மூடுடா."

மூடினான். வலது உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தாள். "விரலால தடவிப் பார்த்துச் சொல்லு. என்ன இது?"

அவன் உருட்டினான். நெற்றி சுருங்கியது. "வாஷர்."

"கண்ணைத் திற."

கோட்டுப் பொத்தான். நான்கு துளை, ஓரத்தில் மேடு.

"இன்னொரு தரம் வை," என்றான் அவன், பந்தயத்தில் தோற்ற பையன் குரலில். இந்தமுறை அவள் எதையும் வைக்கவில்லை. அவனுடைய வெறும் கையை மூடிவிட்டாள். அவன் விரல்களை அசைத்து அசைத்து, "நூல்கண்டா? துணியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவளுக்கு அதற்கு மேல் பார்க்கத் தாங்கவில்லை. "போதும்டா," என்றாள்.

பிறகு அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. குளிர்ந்த காலையில் விரல் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடும். முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு மரத்தது, பிறகு மரத்ததுகூடத் தெரியாமல் போனது. வீட்டில் டம்ளர் நழுவி விழுந்தால் மனைவி "கவனம் எங்க இருக்கு?" என்று திட்டுவாள். அவனும் கவனம் இல்லாதவன்போலவே இருந்துவிடுவான்.

"மெஷின் கையில வந்து சொல்லும்னு சொல்லுவியேடா?"

"இப்பச் சொல்றதில்லக்கா. ரெண்டு வருஷமா."

"அப்புறம் எப்படி வேலை பார்க்கிறே?"

அவன் காதைத் தொட்டுக் காட்டினான். "டைல்ஸுக்கு ஒரு சத்தம், பசைக்கு ஒரு சத்தம். பிளேடு மழுங்கினா ஒரு மாதிரி இழுக்கும். கையைவிட காது தேவலை."

"அதுக்குத்தான் காதுமூடியைக் கழுத்துல தொங்கவிட்டியா?" அக்காவின் குரல் எழும்பியது. "கையைத் தின்னது போதாதுன்னு காதையும் எடுத்து நீட்டுறியா? அடுத்தது என்ன, கண்ணா?"

"மெதுவாக்கா. கேட்கப் போறாங்க."

"யாரு கேட்டா என்ன? உனக்குத்தான் கேட்காமப் போகப்போகுது!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சொன்னான்: "இந்த வேலை மட்டும் முடியட்டும். நீ போய் நின்னு வாங்கிக் குடுத்தது. பாதியில விட்டா உன் முகம் என்ன ஆகும்? இதை முடிச்சிட்டு டாக்டர்கிட்ட வரேன்."

அந்த ஒரு பேச்சில் அக்கா தளர்ந்துவிட்டாள். அவளுக்கும் அது முடிய வேண்டும் என்று இருந்தது. வாசலில் நின்று வாயைப் பிளந்தவர்களுக்கு முன்னால் தம்பி பாதியில் எழுந்து போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் கண்ணெதிரே காதைக் கெடுத்துக்கொள்வதையும் விட முடியவில்லை. காதுமூடியை எடுத்து அவளே அவன் தலையில் மாட்டினாள். சின்ன வயதில் மழைக்குத் துண்டு கட்டிவிட்ட மாதிரி இரண்டு பக்கமும் அழுத்திச் சரிசெய்தாள்.

"மெஷின் ஓடுறப்ப இதைக் கழட்டமாட்டேன்னு என் தலைமேல கை வச்சுச் சொல்லு."

"அக்கா, இது இருந்தா எனக்கு..."

"சொல்லு."

மரத்துப்போன கையை அவள் தலைமேல் வைத்தான். சொன்னான்.

மறுநாள் உலர்த்தும் இயந்திரங்களை வேலை முடிந்த பாதிக்கு நகர்த்தினார்கள். கூடத்தின் நடுப்பகுதி முதல்முறையாக வெளிச்சம் பார்த்தது. வழக்கமாக அவன் புது இடம் ஒன்றில் மெஷினை வைப்பதற்கு முன் மண்டியிட்டுக் கட்டையால் தட்டிப் பார்ப்பான். அன்று தட்டினான். ஆனால் அப்போதே காதுமூடி காதில் இருந்தது. மெஷின் ஓடும்போது என்றுதான் அக்கா சொன்னாள். அவளோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு குளிரட்டும் என்று அவன் அதைக் கழற்றவே இல்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் ஒரே மாதிரியான மந்தமான சத்தம்.

நடுவில் தளம் முழுக்கக் கான்கிரீட் இல்லை. கழிவுநீர்க் குழாய் போகும் பள்ளத்தை எந்தக் காலத்திலோ பலகையால் மூடி, அதன்மேல் வினைலை ஒட்டியிருந்தார்கள். பிளேடின் சரிந்த முகம் மேலே பார்த்தபடி இருந்தது. தம்பி மெஷினைச் செலுத்தினான். கல்லிலிருந்து மரத்துக்கு பிளேடு மாறிய அந்த நொடியை முன்பு அவன் கை சொல்லியிருக்கும். நேற்று வரை காது சொல்லியிருக்கும். இன்று இரண்டும் இல்லை.

கூர்முனை பலகைக்குள் இறங்கியது. மெஷின் ஒரு துள்ளு துள்ளி நின்றது. பலகை பிளந்தது. யானை ஓடிப்போய்க் கரண்டைப் பிடுங்கினான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று தம்பி குனிந்தான். காதுமூடி இருந்ததால் கத்திச் சொன்னான். கையுறை போட்டால் போல்ட்டு சுத்தமாகத் தெரியாது என்று அதைக் கழற்றி எறிந்தான். சிக்கிய பிளேடைக் கழற்ற ஸ்பேனரை வைத்து ஒரு முறை திருகினான், அது வழுக்கியது, கை முன்னால் போனது. அவன் நிறுத்தவில்லை. மறுபடி திருகினான். வாசலில் நின்ற அக்காதான் முதலில் பார்த்தாள்: வெளுத்த பசைத் தூளில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"டேய், கை! கை!"

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெஷினைப் பார்த்தான். பிறகு யானையைப் பார்த்து, "உனக்கா அடி? எங்கேருந்து ரத்தம்?" என்று கேட்டான்.

பிளேடின் விளிம்பில் பட்டு மூன்று விரல்கள் குறுக்கே அறுபட்டுத் திறந்திருந்தன. அக்கா கையில் அகப்பட்ட விரிப்பால் சுற்றிக் கட்டினாள். அவன் முகத்தில் வலி இல்லை. வலி இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

பிளந்த பலகையைப் பார்த்துக்கொண்டே இஸ்திரி போடுகிறவள் மெல்லச் சொன்னாள்: "அந்த இடத்துல துணிவண்டி எப்பவும் டொக்குன்னு வேற மாதிரிதானே சத்தம் போடும்." அந்த வழியாக எத்தனையோ தடவை வண்டி தள்ளியவள் அக்கா. அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள்.

அதே கட்டடத்தில் தையல் போட்டார்கள். நரம்பு தப்பியது என்றார் டாக்டர். பிறகு ஊசியால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். தம்பி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, தெரியவில்லை, தெரியவில்லை என்றான். அதிர்வினால் வந்தது, போனதில் பெரும்பகுதி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் இனி அந்த மெஷினைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அவர் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அக்கா சொல்லியிருப்பாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"காது திறந்திருந்தா கேட்டிருக்கும்க்கா," என்றான் தம்பி.

அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. தளம் கல்லா மரமா என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். மூடவைத்தது தவறு என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை, சரி என்றும் சொல்ல வரவில்லை. அவன் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ. அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

யானை வந்து எதிரில் நின்றான். தம்பி தானே தொடங்கினான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கை..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போல்ட்டெல்லாம் யாரு முடுக்குறா? உன் வீட்டுக்காரியா?" யானை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான், பெஞ்சு முனகியது. "நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். நான் ஒரு மடையன், அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்."

"மிச்சத் தரை கிடக்கு."

"கிடக்கட்டும். நான் பிடிக்கிறேன்."

"உனக்குப் பலகை வராதே. கீறி வச்சிடுவே."

"அப்ப எங்க பலகை, எங்க கல்லுன்னு கோடு போட்டுக் குடு. பிளேடைத் திருப்பி மாட்டாம நீ போட்ட கோட்டைத் தாண்டினா என் பேரை மாத்திக் கூப்பிடு."

பிளந்த பலகையை மாற்றி அடித்த பிறகு வேலை மறுபடி தொடங்கியது. தம்பி இடது கையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மெஷின் ஓடாத அமைதியில், காதைத் தரைப்பக்கம் சாய்த்து மிச்சமிருந்த தரை முழுக்கத் தட்டிக்கொண்டு போனான். சுண்ணக்கட்டி அக்காவின் கையில் இருந்தது. அவன் காட்டிய இடத்தில் அவள் கோடு இழுத்தாள். தையலுக்குக் குறி போடுகிறவள், கோடு வளையவில்லை. பள்ளம் ஓடிய பாதை முழுசாகத் தரையில் தெரிந்தது. மேற்பார்வையாளரம்மா வந்து பார்த்து, "இந்தப் பலகைத் துண்டுக்கு மட்டும் மெஷின் பிடிக்கப்போறது யார்?" என்று தம்பியைக் கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள், ஆனால் தம்பி முந்திக்கொண்டான்.

"இனி நான் மெஷின் பிடிக்கிறதில்லம்மா. கை போயிடுச்சு. இவர்தான் எல்லாம்."

கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. இத்தனை நாள் இவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்ட வேலை அந்த நொடியில் முடிந்துபோனது. அதைச் சொன்ன விதத்தில் அவன் முதுகு கொஞ்சமும் வளையவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

மெஷினை ஓட்டுமுன் யானை தன் காதைத் தொட்டு, வெளியே போ என்று சைகை காட்டினான். தம்பி தையல் பிரிவுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சுவருக்கு அப்பால் சத்தம் எழுந்தது, தூரத்து லாரிபோல. அக்கா ஒரு விரிப்பின் கிழிசலைப் பிடித்துத் தைத்தாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சற்றுப் பொறுத்து அவன் நிமிர்ந்தான். "இழுக்குது."

"என்னது?"

"பிளேடு மழுங்கிடுச்சு. மாத்தணும். அவனுக்குத் தெரியல."

பாதி எழுந்துவிட்டான். அக்கா ஊசியை நிறுத்தினாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவன் மேஜை விளிம்பைப் பிடித்தபடி, எழுந்தும் எழாமலும் நின்றான். சத்தம் இழுத்துக்கொண்டே ஓடியது. பிறகு மெல்ல, ஒரு கனத்தை இறக்கி வைக்கிறவன்போல, திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தான்.

சத்தம் நின்றது. சுவருக்கு அப்பால் ஸ்பேனர் தரையில் விழும் ஓசை, யானை யாரையோ திட்டும் குரல், துணிச் சுருள் ஒன்றைப் பிரிக்கும் அமைதி. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி மெஷின் எழுந்தபோது சத்தம் மெல்லியதாக, சீராக இருந்தது.

"மாத்திட்டான்," என்றான் தம்பி. கொஞ்ச நேரம் அதையே கேட்டான். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "டீ ஏதாச்சும் இருக்காக்கா?" என்று கேட்டான்.